சுற்றறிக்கையில் ஒரு ‘வேண்டும்’

எங்கள் பல்கலைக்கழகத்தின் அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருவன். “வரும் கல்வியாண்டு முதல் இளநிலை முதலாமாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு மடிக்கணினி வைத்திருக்க வேண்டும்.” ஒரே வாக்கியம். அதற்குக் கீழே, கணினிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகள் ஒரு முழுப் பக்கத்துக்கு. குழுவில் ஏழு பேர் இருந்தோம். நினைவகம் 8 ஜிபி போதுமா, 16 ஜிபி கேட்கலாமா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம். ‘வேண்டும்’ என்ற சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இப்போது அந்தத் திட்டத்துக்கு நான்காம் ஆண்டு. இதே திட்டத்தைத் தொடங்கவிருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: எந்தக் கணினி, எவ்வளவு நினைவகம், எந்த மென்பொருள்? எனக்கோ அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி அல்லன். இதை விரும்பிக் கேட்டவன். புள்ளியியல் கற்பிக்கிறேன். பல ஆண்டுகளாக எங்கள் மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கணினி ஆய்வகம். மீதி நேரமெல்லாம் கரும்பலகையும் கணிப்பானும்தான். மனதில் ஒரு கேள்வி எழுவது செவ்வாய்க்கிழமை. அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகத்தின் கதவு திறப்பது வெள்ளிக்கிழமை. மூன்று நாளில் கேள்வி ஆறிப்போய்விடும்.

ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸ் மதிப்புகளின் சராசரி 9, ஒய் மதிப்புகளின் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று அளக்கும் ஒட்டுறவுக் கெழு 0.816. எண்களை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒன்றே என்று சொல்லிவிடுவார். வரைபடமாக்கினால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைவு, மூன்றாவது, ஒரேயொரு புள்ளி தடம் விலகிய நேர்கோடு, நான்காவதில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை எல்லாம் செங்குத்தாக ஒரே வரிசையில் நிற்கின்றன. இதை நான் திரையில் காட்டியபோதெல்லாம் மாணவர்கள் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்கள். திட்டம் தொடங்கிய ஆண்டில் முதன்முறையாக, எண்களை மட்டும் கொடுத்து அவரவர் கணினியில் சராசரியும் ஒட்டுறவும் கணக்கிடச் சொன்னேன். நான்கும் ஒன்றே என்று வகுப்பு முழுவதும் ஒப்புக்கொண்டது. பிறகு வரையச் சொன்னேன். அரங்கின் ஒரு மூலையிலிருந்து “இது எப்படி?” என்று ஒரு குரல், அடுத்தடுத்து நாலாபக்கமும் குரல்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தத் திட்டம் தகும் என்று அன்று மாலை நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் கிளார்க்சன் கல்லூரி 1983இலேயே முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெனித் கணினியைக் கையில் கொடுத்தது. அதே காலத்தில் டிரெக்செல் பல்கலைக்கழகம் தன் புதிய மாணவர்கள் அனைவருக்கும் கணினி கட்டாயம் என்று அறிவித்து, 1984இல் அப்போதுதான் வெளிவந்த ஆப்பிளின் மெக்கின்டோஷைச் சலுகை விலையில் வழங்கியது. அவையெல்லாம் மேசைக் கணினிகள். மடிக்கணினிக்கு வந்தால், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குரூக்ஸ்டன் வளாகம் 1993இல் முழுநேர மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி தந்தது. 1996இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகமும் கனடாவின் அகேடியா பல்கலைக்கழகமும் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தன. இந்தப் பழைய திட்டங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு உறுத்தியது ஒன்றுதான். கொடுத்தவர்கள் அங்கே கல்வி நிறுவனங்கள். கட்டணத்தில் சேர்த்தோ, வாடகைக்கு எடுத்தோ, எப்படியோ வழி செய்துவிட்டுத்தான் கட்டாயம் என்றார்கள். வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் 2000ஆம் ஆண்டு மடிக்கணினியைக் கட்டாயமாக்கியபோது, வசதி குறைந்த மாணவர்களுக்கான மானியத்தையும் சேர்த்தே அறிவித்தது. நாங்கள் வாங்கி வரச் சொன்னோம். அத்தோடு எங்கள் வேலை முடிந்தது என்று கலைந்துபோனோம்.

முதல் பருவத்தின் ஐந்தாம் வாரத்தில் ஒரு மாணவியின் வருகைப் பதிவு என் கண்ணில் பட்டது. ஒரு நாள் வருவாள், மறுநாள் வரமாட்டாள். ஒழுங்கீனம் என்றே நினைத்து அறைக்கு அழைத்தேன். கண்டிப்பாகப் பேசத் தயாராக இருந்தேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: “சார், வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அண்ணன் வேறு கல்லூரியில் படிக்கிறான். அங்கேயும் கட்டாயம். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான்.” கணினி இல்லாத நாளில் வகுப்புக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அவள் வராமலே இருந்துவிட்டாள்.

சேர்க்கைப் படிவத்தில் ‘மடிக்கணினி உள்ளதா?’ என்ற கேள்விக்கு அவள் ‘ஆம்’ என்று எழுதியிருந்தாள். அது பொய்யல்ல. நாங்கள் கேட்ட கேள்விதான் தவறு. நாள் முழுவதும் உன் கையில் இருக்குமா, வீட்டில் இன்னும் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள், பழுதானால் என்ன செய்வாய் என்று நாங்கள் கேட்கவே இல்லை. ‘ஆம்’ என்று எழுதிய மற்றவர்களில் எத்தனை பேர் இப்படி ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுவாரமே இரவல் கணினிகள் வேண்டும் என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். “கட்டாயம் என்று அறிவித்த பிறகு இரவல் கொடுத்தால் வாங்கியவர்கள் கேட்க மாட்டார்களா?” என்று எதிர்க்கேள்வி வந்தது. யாரும் கேட்கவில்லை என்பதை இந்த நான்கு ஆண்டுகளில் பார்த்துவிட்டேன். ஆய்வகத்தில் சும்மா கிடந்த பன்னிரண்டு மடிக்கணினிகளைத் துடைத்து, பேட்டரி மாற்றி, நூலகத்தில் வைத்தோம். நூல் எடுப்பது போலவே அட்டையைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். காரணம் எழுத வேண்டாம். இந்தக் கடைசி விதிக்காக நான் நிறையப் போராட வேண்டியிருந்தது. வருமானச் சான்று கேட்கலாம், துறைத்தலைவரின் கையெழுத்து கேட்கலாம் என்றார்கள். உதவி கேட்பவரை நான்கு மேசைகளுக்கு நடக்கவைத்தால் உண்மையான தேவை உள்ளவர்தான் முதலில் விலகிப்போவார். பன்னிரண்டும் மூன்றே வாரங்களில் தீர்ந்தன. இரவல் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சொந்தக் கணினி இருந்தது. பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். பழுது என்பது வறுமை போலவே ஒரு மாணவரை வகுப்பிலிருந்து வெளியேற்றக்கூடியது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்கக் கல்வி நிதியுதவி விதிகளில் கல்விச் செலவைக் கணக்கிடும்போது கணினிக்கென நியாயமான ஒரு தொகையைச் சேர்க்க இடம் உண்டு. அதனாலேயே அங்கே சில பல்கலைக்கழகங்கள் “கட்டாயமாக்கினால்தான் ஏழை மாணவருக்கு உதவித்தொகையில் கணினி கிடைக்கும்” என்று வாதிட்டன. முதலில் படித்தபோது இது தலைகீழ் நியாயமாகத் தோன்றியது. யோசித்தால் அதில் உண்மை இருக்கிறது. கட்டாயம் என்று எழுதாவிட்டால் அது மாணவரின் சொந்த ஆசையாகிவிடும். கட்டாயம் என்று எழுதினால் அதைக் கணக்கில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. அந்தச் சொல் இரு பக்கமும் கட்டும் கயிறு. நாங்கள் ஒரு முனையை மட்டும் கட்டியிருந்தோம்.

மறு முனை அவிழ்ந்தே கிடந்தது என்பது இடைத்தேர்வு அன்று ஊரறியத் தெரிந்தது. ஒரே அரங்கில் 140 மாணவர்கள், இணையவழித் தேர்வு. முதலில் வந்தவர்களுக்கு வினாத்தாள் உடனே திறந்தது. கடைசியாக வந்த இருபது, முப்பது பேருக்கு வைஃபை சுற்றிக்கொண்டே இருந்தது. காரணம் மிக எளியது. வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். அந்த அரங்குக்கு ஒதுக்கியிருந்த சிறு வலையமைப்பில் அதிகபட்சம் 254 முகவரிகள். 140 மடிக்கணினி, கூடவே ஒவ்வொரு பையிலும் ஒரு கைபேசி, மொத்தம் 280. பையில் அணைக்காமல் வைத்த கைபேசிகள் முகவரிகளை எடுத்துக்கொண்டுவிட்டன. சரியான நேரத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள், தங்கள் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து அதை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அழுதுவிட்டான். தேர்வை நிறுத்தி, மறுநாள் தாளில் நடத்தினோம்.

இதை முன்கூட்டியே கணக்கிட ஒரு காகிதமும் பென்சிலும் போதும். மின்சாரமும் அப்படித்தான். ஒரு சார்ஜர் 65 வாட் என்றால், 140 பேரும் ஒரே நேரத்தில் செருகி முழு அளவு இழுத்தால் 9,100 வாட். விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் மட்டும் கம்பி இழுத்த பழைய அரங்கு அதைத் தாங்குமா? எங்கள் அரங்கில் பிளக் பாயிண்ட் இருந்தது ஆறு. மாணவர்கள் காலை ஏழரைக்கே வந்து சுவரோர இருக்கைகளைப் பிடித்தார்கள். அதைப் பார்த்து “எவ்வளவு ஆர்வம்!” என்று ஒரு பேராசிரியர் பாராட்டியதும் நடந்தது. அந்தப் பருவம் முடிந்த விடுமுறையில்தான் அரங்குக்குப் புதுக் கம்பி இழுக்கப்பட்டது.

கணினியின் தகுதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மிக உயர்ந்ததைக் கேட்காதீர்கள். எந்தப் பாடத்துக்கு எது தேவை என்று ஒவ்வொரு துறையையும் கேட்டு எழுதுங்கள். சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள் மேக் கணினியில் நேரடியாக ஓடாது. இயந்திரவியல் மாணவருக்கு அதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்லியாக வேண்டும். வாங்கும் நாளை மட்டும் நினைக்காமல் பட்டம் வாங்கும் நாள்வரை நினைக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11ஐ நிறுவ முறைப்படி வழியில்லை. உறவினர் கொடுத்த பழைய கணினியோடு நம்பிக்கையாகச் சேர்ந்த மாணவருக்குப் பாதி வழியில் இப்படி ஒரு சுவர் எழும்பும்.

கவனச்சிதறலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. 2013இல் கனடாவில் சானா, வெஸ்டன், செபெடா ஆகிய மூவர் நடத்திய ஆய்வில், விரிவுரையின்போது கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய திரை கண்ணில் படும்படி உட்கார்ந்து, தாளில் குறிப்பெடுத்தவர்களுக்கோ 17 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டாவது எண்தான் என்னை உலுக்கியது. தன் கவனத்தைக் கெடுத்துக்கொள்வது அவரவர் பாடு என்று விட்டுவிடலாம். பக்கத்தில் இருப்பவர் என்ன பாவம் செய்தார்? அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நடந்த ஆய்விலும், கணினி அனுமதிக்கப்பட்ட வகுப்புகளின் தேர்வு மதிப்பெண் அனுமதிக்கப்படாத வகுப்புகளைவிடக் குறைவாகவே இருந்தது. கையால் எழுதுவதே மேல் என்று 2014இல் வந்த முல்லர், ஓப்பன்ஹைமர் ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 2019இல் அதை மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அதை வேதவாக்காக நான் எடுத்துக்கொள்வதில்லை.

என் வகுப்பில் நான் செய்வது இதுதான். ஐம்பது நிமிடத்தில் இருபது நிமிடம் கணினி திறந்திருக்கும். அந்த இருபது நிமிடமும் அதில் செய்ய வேலை இருக்கும். மீதி நேரம் மூடி. பாதி மூடுவதெல்லாம் இல்லை. முழுவதும் மூடி வைக்க வேண்டும். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். மூன்றாம் வாரம் நான் சொல்லும் முன்பே மூடியை இறக்கும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்கும்.

என் மனத்தாங்கல் மாணவர்கள் மேல் இல்லை, எங்கள் மேல்தான். முதலாண்டின் முடிவில் ஒரு மாணவி தன் கால அட்டவணையை என்னிடம் காட்டினாள். கணினி உண்மையில் தேவைப்பட்ட மணிகளுக்கு மட்டும் பச்சை மையால் வட்டம் போட்டிருந்தாள். வாரத்துக்கு 26 மணி நேர வகுப்பு. பச்சை வட்டங்கள் மூன்று. மற்ற நேரமெல்லாம் நாங்கள் பழைய படவில்லைகளைத் திரையில் போட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். “சார், தினமும் தூக்கிக்கொண்டு வருகிறேன். தோள் வலிக்கிறது” என்றாள். அந்த அட்டவணையை அவள் அனுமதியோடு படியெடுத்து அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுத்தேன். சிலருக்குக் கோபம் வந்தது. வரட்டும். ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருளைத் திறக்கக்கூடச் சொல்லாத நமக்கு அதைக் கட்டாயமாக்க என்ன உரிமை இருக்கிறது? இப்போது ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் எந்தெந்த வாரம் கணினி தேவை, எதற்குத் தேவை என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தேவையில்லாத பாடத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆசிரியர்களுக்கான பயிற்சியை மாணவர் சேர்வதற்கு ஒரு பருவம் முன்பே நடத்த வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம்.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் பார்வையற்ற மாணவர் ஒருவர் எங்கள் துறையில் சேர்ந்தார். பழைய ஆய்வகத்தில் எந்தக் கணினியிலும், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் கிடையாது. நிறுவ வேண்டுமானால் மனு எழுத வேண்டும். இவரோ தன் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைத் தன் காதுக்கேற்ற வேகத்தில் அமைத்து வைத்திருந்தார். சாதாரணமாகக் கேட்பவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகம். எங்கள் அரங்கில் யாருடைய கணினி அதன் உரிமையாளரோடு இவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று கேட்டால், அவருடையதைத்தான் சொல்வேன். ஆனால் நாங்கள் கட்டாயமாக்கியிருந்த மென்பொருள்களில் ஒன்றை அந்தத் திரைவாசிப்பானால் படிக்க முடியவில்லை. மென்பொருளைத்தான் மாற்றினோம்.

சொந்தக் கணினி என்பதில் இன்னொரு பொருளும் உண்டு. இரண்டாம் ஆண்டில் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை எல்லா மாணவர் கணினியிலும் நிறுவ வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. கேமரா, ஒலிவாங்கி, ஓடும் நிரல்களின் பட்டியல் எல்லாவற்றையும் அது பார்க்கும். நான் எழுந்து எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். அந்தக் கணினியில் அம்மாவின் மருத்துவ அறிக்கை இருக்கும், தங்கையின் படங்கள் இருக்கும், யாருக்கும் காட்டாத நாட்குறிப்பு இருக்கும். பல்கலைக்கழகம் தன் பணத்தில் வாங்கிக் கொடுத்த கணினி என்றால் அதில் எதை நிறுவலாம் என்று பேசுவதற்காவது இடம் உண்டு. மாணவர் காசில் வாங்கவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது வன்முறை. அந்த யோசனை கைவிடப்பட்டது. தேர்வு நாளில் இரவல் கணினிகளைத் தருகிறோம். அவற்றில் என்ன வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளட்டும்.

பழுது பற்றி ஒரே ஒரு சம்பவம். இறுதித் திட்ட அறிக்கையைச் சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது ஒரு மாணவனின் கணினி நின்றுவிட்டது. பழுது பார்க்கும் இடத்தில் தாய்ப்பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். திறந்தால் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. எண் எங்கும் கிடைக்கவில்லை. தரவு அத்தனையும் உள்ளேயே பத்திரமாக இருந்தது. எவராலும் எடுக்க முடியவில்லை. அவன் எழுபது பக்கங்களை நினைவிலிருந்து மறுபடி எழுதினான். நான் இரு வார அவகாசம் வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இப்போது சேர்க்கையின் முதல் வாரத்தில் மாணவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, அந்த எண்ணைத் தேடியெடுத்துத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். ஒரு வெளிவட்டிலோ மேகச் சேமிப்பிலோ கோப்புகளைப் படியெடுத்து, அதைத் திரும்ப எடுத்தும் காட்ட வேண்டும். படியெடுக்கத் தெரிந்தவர் பலருக்குத் திரும்ப எடுக்கத் தெரிவதில்லை.

இரவல் கணினிகள் இப்போது நாற்பது. அண்ணனோடு பகிர்ந்துகொண்ட அந்த மாணவி மூன்று ஆண்டுகள் நூலகக் கணினியிலேயே படித்தாள். திருப்பிக் கொடுக்க வந்தபோது, விசைப்பலகையில் எழுத்து அழிந்துபோன இரண்டு விசைகளின் மேல் சிறு தாள் ஒட்டிக் கையால் எழுதியிருந்தாள்.

சென்ற வாரம் அரங்குக்குள் நுழைந்தபோது நான்காம் ஆண்டு மாணவர்கள் மறுபடியும் சுவரோரமாகக் கூடியிருந்தார்கள். பிளக் பாயிண்ட் இப்போது ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறது. ஆனாலும் நடுவரிசைகளில் சில வேலை செய்யவில்லை, அவர்களுடைய பேட்டரியும் வேலை செய்யவில்லை. லித்தியம் அயனி பேட்டரிகள் பலவும் 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கியதும் தளரத் தொடங்கும். தினமும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டாலே இரண்டு ஆண்டுகளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நாங்களோ நான்காண்டுப் படிப்புக்கு வாங்கச் சொன்னோம். ஒருத்தியிடம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேட்டேன். “இருபத்தைந்து நிமிடம், சார்” என்றாள். வியாழக்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவருக்குப் பேட்டரி மாற்றும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ‘வேண்டும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஏற்கலாம்’ என்று போடச் சொல்வார்கள். நான் இசையப் போவதில்லை.